யாருக்கும் சொந்தமில்லாத சாணம்

பாகூர் ஏரிக்கரை ஊர் ஒன்று இன்னும் இருபது வருஷத்தில் எதை எரித்துச் சோறு பொங்கும்? இதற்கு மூன்று வழிகளை ஆராய்ந்து எழுதித் தரும்படி சண்முகசுந்தரத்திடம் சொல்லியிருந்தார்கள். இப்போதுபோலவே விறகும் வறட்டியும் என்பது முதல் வழி. தரிசில் சவுக்கு போடுவது இரண்டாவது. ஊர்ச் சாணத்தை எல்லாம் ஒரே தொட்டியில் கரைத்து, வீட்டுக்கு வீடு குழாயில் எரிவாயு விடுவது மூன்றாவது. ஒவ்வொன்றாலும் மண்ணுக்கும் நீருக்கும் மனிதருக்கும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். எண்பத்து மூன்றில் அதற்கென்று ஓர் அரசாங்கத் திட்டம் வந்திருந்தது. ஆள் அவன் ஒருவன்தான். வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோனான்.

அவனுக்கு மூன்றாவது வழிதான் பிடித்தது. மணியம்மாள் வீட்டு அடுப்படியில் ஒரு காலை உட்கார்ந்தவன் வேறெதையும் விரும்ப மாட்டான். அவள் ஊதினாள், இருமினாள், இருமி முடித்து மறுபடி ஊதினாள்.

"கேஸ் எப்ப சார் வரும்? நான் உசுரோட இருக்கும்போதே வந்துருமா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

தொழுவத்துச் சாணம் மட்டும் தொட்டிக்குப் போதாது. தெருவிலும் ஏரிக்கரையிலும் மாடுகள் போடுவதைச் சேர்த்தால் போதும். அதை 'யாருக்கும் சொந்தமில்லாதது' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டான்.

பிறகுதான் தனக்கொடியைப் பார்த்தான். மாடு இல்லாதவள். புருஷனும் இல்லை. மேய்ச்சலுக்குப் போகும் மாடுகளின் பின்னால் கூடையோடு போவாள். கூடை நிறைந்துவிட்டால் மிச்சச் சாணத்தின்மேல் ஓர் எருக்கிலையைப் பறித்து வைத்துவிட்டு நடப்பாள். அவள் திரும்பி வரும்வரை அதை யாரும் தொடுவதில்லை. வறட்டி தட்டிப் பாகூர்க் கடைத்தெருவில் விற்று இரண்டு பெண்களை வளர்த்தாள்.

"இன்னா சார், இன்னிக்கும் சாணி எண்ண வந்துட்டியா? இதுக்குத்தான் உங்கப்பன் காலேஜுல சேத்தாரா?"

அவன் சிரித்துவிட்டு எருக்கிலையைப் பார்த்தான்.

அன்றே 'யாருக்கும் சொந்தமில்லாதது' என்ற வரியை அடித்துவிட்டான். கரைச் சாணம் மாடில்லாதவர்களின் பிழைப்பு, அதை எடுக்கக் கூடாது, எடுக்காவிட்டால் மூன்றாவது வழி நிற்காது என்று எழுதினான். எழுதியபோது நெஞ்சு நிமிர்ந்தது. அவளிடம் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லது செய்கிறவன் எதற்குக் கேட்க வேண்டும்?

கோயில் முன்னால் ஊர் கூடியது. தொட்டிக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்த சுப்பராயலு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஊரில் அதிக மாடு அவருக்குத்தான். சண்முகசுந்தரம் வாசித்து முடித்தான்.

"மாடில்லாதவங்கன்னா யாரு தம்பி? காத்துல பேசாதீங்க, பேரச் சொல்லுங்க" என்றார் சுப்பராயலு.

"தனக்கொடியக்கா மாதிரி..."

கூட்டம் முழுக்க, ஓரமாக நின்றிருந்த அவள் பக்கம் திரும்பியது. முதலில் எழுந்தவள் மணியம்மாள்.

"அடியே, உன் ஒரு கூடை நெறையறதுக்கு இந்த ஊரே பொகையில சாவணுமா?"

"நான் இன்னாக்கா சொன்னேன்? நான் வாயே தொறக்கலியே" என்றாள் தனக்கொடி. சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் அவன் வந்தபோது மாடுகளின் பின்னால் அந்தந்த வீட்டுப் பெண்களே கூடையோடு போனார்கள். எருக்கிலையை எடுத்து வீசிவிட்டுச் சாணத்தை அள்ளினார்கள். தனக்கொடியின் சுவரில் ஒரு வறட்டி இல்லை. அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"யாரக் கேட்டு எம்பேரச் சொன்ன?"

"உங்களுக்காகத்தான்க்கா..."

"எனக்கோசரமா? தொட்டி வந்தா சாணி கரைக்க ஆளு வேணும். அந்த வேலைய எனக்குன்னு சுப்பராயலு ஐயாகிட்ட பேசி வெச்சிருந்தேன். மழையில காயாத வறட்டிய வெச்சிக்கினு அழுவுற பொழப்பு எனக்கு மட்டும் இனிக்குதா? மாட்டு வாலைக்கூடத் தூக்கிப் பாத்த. என்னிய ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் சுப்பராயலுவிடம் ஓடினான்.

"பேசினது நெசந்தான். அது அப்ப" என்றார் அவர். "இப்ப அவ கை வெச்ச தொட்டின்னா இந்தப் பொம்பளைங்க ஒத்துக்குவாங்களா? நீங்க எப்படி வேணா எழுதுங்க தம்பி. கேஸ் வந்தா அவளுக்கு வேலையில்ல. வரலன்னா அவளுக்குச் சாணியில்ல."

திரும்பி வரும் வழியில் மணியம்மாள் வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அவன் நிற்காமல் நடந்தான்.

தனக்கொடி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் என்ன எழுதட்டும்?"

"இப்பக் கேக்குறியா?" அவள் சாக்கின் வாயைச் சுருட்டிக் கயிற்றால் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "கேஸ் வரட்டும்னே எழுது. அந்தக்கா நெஞ்சு பொகையாலயே போயிடும். என்னிய மட்டும் எங்கயும் எழுதாத."

"நீங்க எங்க போவீங்க?"

"சோரியாங்குப்பத்துல தங்கச்சி இருக்கறா. ஆத்தங்கரையில மாடு மேயுது." சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பெண்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். "அந்த ஊருக்கு மட்டும் வந்துடாத சார்."