நீல ஃபியூஸ்

மரக்கிடங்கைத் தாண்டியதும் மூடுபனி விட்டது. அவள் வேனை ஓரங்கட்டி நிறுத்தினாள். முன்னிருக்கையில் இருந்த நர்ஸ் கேட்காமலேயே பையைத் திறந்து சின்ன இடுக்கியை எடுத்து நீட்டினாள். அவள் அதை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி, இரண்டாம் வரிசையில் இருந்த நீல ஃபியூஸை இடுக்கியால் பிடித்து இழுத்தாள். முன்னால் தரையோடு விரிந்து கிடந்த வெளிச்சம் போயிற்று. பின்னால் எரிந்த சிவப்பும் போயிருக்கும். ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"முப்பத்தெட்டு செகண்ட்," என்றாள் நர்ஸ். "நேத்து நாப்பத்தொண்ணு."

"நேத்து கை வெறச்சுப் போச்சு."

பின்னால் பதினோரு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி மலைமேல் இருந்தது. காலை ஷிப்டுக்கு இரண்டு வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். முதல் வேன் அவளுடையது. இரண்டாவதை அவள் கொழுந்தன் ஓட்டினான். நீர்த்தேக்கத்திலிருந்து மரக்கிடங்கு வரை நாலு கிலோமீட்டருக்கு மூடுபனி அசையாமல் படுத்திருக்கும். அதற்குக் கீழேயும் மேலேயும் பனி இருக்காது. நீர்த்தேக்கத்தில் பனிவிளக்கைப் போட வேண்டும், மரக்கிடங்கில் அணைக்க வேண்டும். ஒன்பது வருடமாக அவள் அப்படித்தான் செய்தாள். அதற்கு டாஷ்போர்டில் இரண்டு சுவிட்சுகள் இருந்தன, முன்பக்க வெள்ளைக்கு ஒன்று, பின்பக்கச் சிவப்புக்கு ஒன்று.

இப்போது அந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

போன குளிர்காலத்தில் கொழுந்தனின் வேனை மூடுபனிக்குள் ஒரு லாரி பின்னாலிருந்து இடித்தது. கடைசி இருக்கையில் இருந்த நாலு பேர் ஒரு மாதம் கழுத்துப் பட்டையோடு வேலைக்கு வந்தார்கள். பின்பக்கப் பனிவிளக்கு எரியவில்லை. சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று அவன் விசாரணையில் சொன்னான். யாரும் சுவிட்சை அழுத்திப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியின் போக்குவரத்து அதிகாரி இரண்டு வேன்களிலும் சுவிட்சுகளைப் பிடுங்கச் சொல்லி, வயரை நேராகச் சாவியோடு சேர்க்கவைத்தார். சாவியைத் திருப்பினால் பனிவிளக்குகளும் எரியும். வெயிலிலும் எரியும். மறப்பதற்கே வழியில்லை என்று கூட்டத்தில் சொன்னார். கைதட்டினார்கள். கொழுந்தனும் தட்டினான். அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் நின்றபடியே, போட மறந்துவிட்டதாக அவளிடம் மட்டும் சொன்னான்.

சுவிட்ச் போனபின் அவள் எதிரே வருகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தாள். காய்கறி மூட்டையோடு இறங்கி வருகிற பைக்காரர்கள் அவளுடைய வேனைக் கண்டதும் ஒரு கையை எடுத்துக் கண்ணுக்கு மறைப்பாக வைத்தார்கள். ஈரச்சாலையில், இறக்கத்தில், ஒற்றைக் கையோடு. விளக்கு தாழ்வாக இருந்தாலும் தண்ணீரில் பட்டு அவர்கள் முகத்துக்கு ஏறியது. ஒருவன் தினமும் ஏதோ கத்திக்கொண்டே போவான். என்ன கத்துகிறான் என்று கேட்காவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

பிறகு மூன்று வாரத்துக்கு முன் ஒரு தூறல் காலை. மூடுபனி தாண்டியாயிற்று. வளைவில் ஒரு மரக்கிளை விழுந்து கிடந்தது. அவள் பிரேக் அடித்தாள். பின்னால் டயர் கிறீச்சிட்டது. கொழுந்தனின் வேன் ஒரு சாண் தள்ளி நின்றது. அவன் இறங்கி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணி, நீங்க பிரேக் போட்டதே தெரியல. வழியெல்லாம் பின்னாடி செவப்பாத்தான எரிஞ்சிட்டு இருந்துது. எது எதுன்னு யாருக்குத் தெரியும்."

மறுநாளிலிருந்து அவள் ஃபியூஸைப் பிடுங்கினாள். கீழே வரும்போது மரக்கிடங்கில் திரும்பப் பொருத்தினாள்.

முப்பத்தெட்டு செகண்டில் பிடுங்கிய அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அதிகாரி கூப்பிடுவதாகச் சொன்னார்கள். மேஜைமேல் வாசல் கேமராவின் படங்களைப் பரப்பி வைத்திருந்தார். பதினேழு படங்கள். எல்லாவற்றிலும் அவள் வேன்.

"இது என்னம்மா?"

"என் வண்டி சார்."

"அது தெரியுது. ஃபாக் லைட் எங்க?"

அவள் சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்துப் படங்களின்மேல் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். வாகனத்தின் பனிவிளக்குகளை இனி எக்காலத்திலும் எக்காரணத்தாலும் அணைக்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.

"கையெழுத்துப் போடுங்க. விஷயத்த இத்தோட விட்டுடலாம்."

"ஃபாக் இல்லாத எடத்துல அது எதுக்கு சார்?"

"பாதுகாப்புக்கு."

"யாரோட பாதுகாப்பு?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் உருட்டினார்.

"சாயங்காலம் வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி வாசல்ல வந்து நில்லுங்க," என்றாள். "அஞ்சு நிமிஷம். அப்புறம் எழுதறேன்." ஃபியூஸை எடுத்துக்கொண்டாள். "இது எறங்கறப்ப ஃபாக்ல வேணும்."

சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்கும் நேரம். அவள் ஃபியூஸைப் பொருத்தி, வேனை வளாகத்தின் கடைசியில் கொண்டுபோய், பின்பக்கம் வாசலைப் பார்க்க நிறுத்தினாள். அதிகாரி குடையோடு வாசலில் நின்றார். சலவைக்கூடத்துப் பெண்கள் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கொழுந்தன் தன் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

அவள் பிரேக்கை மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். பிறகு இறங்கி நனைந்தபடி நடந்து வந்தாள்.

"எத்தன தடவ மிதிச்சேன் சார்?"

அவர் யோசித்தார். "மூணு."

"ஏழு."

சலவைக்கூடத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அதிகாரி அந்தப் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றது.

"நான் கண்ணாடி போடல," என்றார்.

"பின்னாடி வர்றவனும் போட்டிருக்க மாட்டான்."

"இங்க பாரும்மா. ஒரு தடவ இடி வாங்கியாச்சு. சுவிட்ச நம்பித்தான் வாங்கினோம். நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க, உங்கள இல்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்டதில்தான் இருந்தது. கொழுந்தனின் கை கண்ணாடிமேல் நின்றுவிட்டது. ஒரு வாக்கியம் போதும். அவள் அதைச் சொல்லவில்லை. தாளைக் கேட்டு வாங்கினாள். பக்கத்தில் நின்ற கொழுந்தன் வேனின் முன்பக்கத்தில் வைத்து, அச்சடித்த வரியைக் குறுக்கே அடித்து, கீழே எழுதினாள். மூடுபனியில் போடுவேன். மூடுபனி இல்லாத இடத்தில் அணைப்பேன். கையெழுத்துப் போட்டாள். மை மழையில் கொஞ்சம் ஊறியது.

அதிகாரி படித்துவிட்டு நாலாக மடித்தார்.

"காலையில கேமராவ நானே பாப்பேன். லைட் எரியலன்னா சாவியக் குடுத்துட்டு சலவைக்கூடத்துக்குப் போயிடுங்க. அங்க ஆள் வேணும்னு கேட்டுட்டே இருக்காங்க."

கீழே வந்து வேன்களை நிறுத்தியபின் கொழுந்தன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"சலவைக்கூடம் வெதுவெதுன்னு இருக்கும் அண்ணி. இந்தக் குளிருக்கு நல்லது."

"அப்ப நீ போ."

அவன் சிரித்துப் பார்த்தான். வரவில்லை.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கலாம்ல. ஒரு வரிதான."

"நீ விசாரணையில சொன்னதும் ஒரு வரிதான்."

அவன் டயரை மெல்ல உதைத்தான்.

"சொல்லிடுவீங்களா?"

"அது என் வரி இல்ல," என்றாள். கதவைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் மூடுபனி கனமாக இருந்தது. பனிவிளக்குகளும் தாழ்த்திய ஹெட்லைட்டும் சேர்ந்து சாலையோரத்து வெள்ளைக் கற்களில் மூன்றைக் காட்டின. ஒன்று பின்னால் போக, முன்னால் இன்னொன்று வந்தது. அவள் அதைத் தாண்டி எதையும் பார்க்க முயலவில்லை. இருபதுக்கு மேல் போகவில்லை. வேனில் யாரும் தூங்கவில்லை. விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மரக்கிடங்கு வந்தது. அறுத்த மரத்தின் வாசனை முதலில், பிறகு கூரை, பிறகு வானம். ஓரங்கட்டினாள்.

நர்ஸ் இடுக்கியைக் கையில் வைத்திருந்தாள். நீட்டவில்லை.

"இன்னிக்கு அவரே பாக்கறாராம்."

"பாக்கட்டும். நான் இல்லன்னா நாளைக்கு யார்கிட்ட குடுப்ப இத?"

"யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்," என்று நர்ஸ் இடுக்கியை நீட்டினாள்.

ஃபியூஸ் வந்தது. சாலை தன் பழைய நிறத்துக்குத் திரும்பியது. நர்ஸ் நேரம் சொல்லவில்லை.

அவள் மெல்ல மேலேறினாள். பக்கக் கண்ணாடியில் இரண்டாவது வேன் பனியை விட்டு வெளியே வந்தது. அதன் விளக்குகள் ஈரத்தில் பளீரென்று நீண்டு கிடந்தன. கொஞ்ச தூரம் வந்தது. பிறகு மரக்கிடங்கின் ஓரத்தில் நின்றது. விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. உள்விளக்கு எரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் தலை தெரியவில்லை. குனிந்திருந்தான். அவனிடம் இடுக்கி கிடையாது.

வளைவு வந்து கண்ணாடியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

மேலேயிருந்து ஒரு பைக் இறங்கி வந்தது. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டை. அவள் வேனைக் கண்டதும் அவன் பழக்கத்தில் ஒரு கையைப் பாதி தூக்கினான். பிறகு இறக்கினான். இரண்டு கைகளாலும் பிடித்தபடி அவளைக் கடந்து, வளைவை நோக்கி இறங்கினான்.