நான் உருவிப் போட்ட பதினான்கு பக்கங்கள்

தண்டலத்தில் கல்லூரி வாசலுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருப்பவள் நான். பிள்ளைகள் கொண்டுவரும் பிராஜெக்டைப் படிப்பது என் வேலையில் சேர்த்தி இல்லை. படிக்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். நன்றியுரையில் எவன் எந்தப் பெண்ணின் பெயரை நுழைத்திருக்கிறான், எந்த வாத்தியாரை வேண்டுமென்றே விட்டிருக்கிறான், எல்லாம் எனக்கு அத்துப்படி. எக்ஸாமினர்கள் எதற்கு மார்க் போடுவார்கள் என்பதும் தெரியும் என்றுதான் ஒன்பது வருஷமாக நினைத்திருந்தேன். அறுபது பக்கம், கலர் கிராஃப், பச்சை அட்டையில் தங்க எழுத்து. தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாண்டிச்செல்வி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் டிரெய்னி, கூடவே டிப்ளமோ. கடைசி பிராஜெக்ட் தேறினால் டெக்னீஷியன் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஜூலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளுடைய ஹாஸ்டல் வார்டனிடம் நான் கறந்தது.

அவள் கொண்டுவந்த கட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கோடு போட்ட தாள்கள், பென்சில் கிறுக்கல், பக்கத்துக்குப் பக்கம் அடித்தல். வயர்க் கட்டில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் ஏன் உடைகிறது என்று நாற்பது நாள் பார்த்திருக்கிறாள். கையுறையை மாற்றினாளாம், பலனில்லை. அழுத்துகிற கோணத்தை மாற்றினாளாம், இன்னும் அதிகமாக உடைந்ததாம். வேறு லாட்டில், அதாவது வேறு தடவை வந்த சரக்கில், கிளிப் எடுத்தாளாம், அதே கதை. கடைசியில்தான், ஏசிக் காற்று நேராக விழும் பெட்டியிலிருந்து எடுப்பவையே காய்ந்து விறைத்து உடைகின்றன என்று கண்டுபிடித்துப் பெட்டியை நகர்த்தியிருக்கிறாள்.

"இன்னாம்மா இது, தோத்த கதையெல்லாம் எழுதிக்கினு? எக்ஸாமினர் படிச்சா இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனப்பாங்க."

"நடந்தது அப்பிடித்தானக்கா?"

"நடந்தத யாரு கேட்டா? பிரச்சினை, தீர்வு, ரிசல்ட். மூணு போதும். இந்தப் பதினாலு பக்கம் வேஸ்ட்டு."

அந்தத் தாள்கள்மேல் விரலை வைத்தாள். "எங்க லைன்லயும் அப்பிடித்தாங்க்கா. செக்ஷீட்ல தப்பு இருக்குன்னு எழுதுனா சூப்பர்வைசர் கிழிச்சிட்டு வேற எழுதச் சொல்லுவாரு. ஷிப்ட் ஆரம்பிக்கும்போதே எல்லாத்துக்கும் ஓகே டிக் போட்டுருவோம்."

"பாத்தியா! கம்பெனியே அப்படிக்கீது."

அப்போதும் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை. நான்தான் மெதுவாக உருவினேன். அந்த இடத்தில் பிளாஸ்டிக்கின் வரலாறு, என் கம்ப்யூட்டரில் நிரந்தரமாகக் குடியிருக்கும் தரக் கட்டுப்பாட்டு முன்னுரை எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டு பக்கம் தேற்றிவிட்டேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று சாயங்காலம் புத்தகத்தோடு வந்து நின்றாள். "இன்னா பாண்டி, ஸ்வீட் எங்க?" என்றேன், கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே.

"மார்க் போடலக்கா."

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் சந்திரலேகா மேடம் நாற்பது பக்கத்தை ஒரே புரட்டாகப் புரட்டித் தள்ளினாராம். ஏசிதான் காரணம் என்று எப்படித் தோன்றியது, அதற்கு முன்னால் என்னென்ன செய்து பார்த்தாய் என்று கேட்டாராம்.

"நடந்ததச் சொன்னா புக்குல எங்கன்னு கேப்பாக. புக்குல இருக்கதச் சொன்னா பொய்யி. சும்மா நின்னேன். இது இந்தப் பொண்ணு செஞ்சதா, வெலைக்கு வாங்குனதான்னு எங்க சார்ட்ட கேட்டாகக்கா, என் முன்னாலயே."

நான் பிரிண்டரைத் துடைக்க ஆரம்பித்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"செஞ்சதுக்கு ஆதாரம் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாரச் சொல்லிருக்காக. அந்தத் தாளெல்லாம் வச்சிருக்கீகளாக்கா?"

டீ குடித்தவர்கள் இப்போது என்னைப் பார்த்தார்கள்.

ஒரு பக்கம் காலியாக இருக்கும் தாளை நான் எறிவதில்லை. மேஜைக்கடியில் பெட்டியில் போட்டு, டெஸ்ட் பிரிண்டுக்கு எடுத்துக்கொள்வேன். இருவரும் தரையில் உட்கார்ந்து தேடினோம். பதினோரு பக்கம் கிடைத்தது. ஒன்றின் முதுகில் யாருடைய ரேஷன் கார்டோ, இன்னொன்றில் பாதிக் கல்யாணப் பத்திரிகை, மற்றதெல்லாம் மசிக்கோடு. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு அடுக்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அவள் புதிதாகச் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். முயற்சி ஒன்று, கையுறை. இரண்டு, கோணம். மூன்று, லாட்.

"நாலு போடுங்கக்கா."

"நாலாவது ஏது?"

"சொல்லுதேன், அடிங்க. 'தோற்ற முயற்சிகளைக் காட்டினால் மதிப்பெண் குறையும் என்று நினைத்து, பதினான்கு பக்கங்களை நீக்கச் சம்மதித்தேன். மூன்று பக்கங்கள் கிடைக்கவில்லை. மீதி இணைக்கப்பட்டுள்ளன.'"

அடுத்து என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் எப்படிச் சண்டை போடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வரவில்லை.

"கடையில சொன்னாங்கன்னு போட்டுக்கம்மா" என்றேன்.

"எதுக்குக்கா? புக்குல கையெழுத்துப் போட்டது நாந்தானே."

பச்சை அட்டைப் பக்கம் போகாமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ரேஷன் கார்டு முதுகோடு அந்தத் தாள்களை அவளே ஸ்டேப்ளர் அடித்து எடுத்துப் போனாள்.

ஜூலை போய் ஆகஸ்டும் வந்துவிட்டது. டெக்னீஷியன்கள் போடும் நீலச் சட்டையில் அவள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறாள். எத்தனை மார்க் வாங்கினாள் என்று தெருவில் எல்லோரும் என்னிடம்தான் விசாரிக்கிறார்கள், எனக்குத் தெரியாமல் இருக்குமா என்ற நம்பிக்கையில். தெரியாது. நான் அவளிடம் கேட்கவில்லை.