விக்ரம் என்றொரு வாடிக்கையாளர்

தோசைக்கல்லில் மாவை ஊற்றி அகப்பையால் பரப்பிக்கொண்டிருந்தாள் கவிப்பிரியா. பின்னால் வந்து நின்ற மாமியார் வேம்புலியம்மாள் கை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"விக்ரம் யாரு?"

கவிப்பிரியா திரும்பிப் பார்த்தாள். மாமியாரின் கையில் நாலைந்து தாள்கள் இருந்தன. போன் சாட்டை ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்த பிரிண்ட்.

"எந்த விக்ரம் அத்தே?"

"உனுக்கு எத்தினி விக்ரம் கீறான்?"

கூடத்தில் டில்லிபாபு டீ குடித்துக்கொண்டிருந்தான். குமணன்சாவடியில் ஒரு டைல்ஸ் ஷோரூமில் அவனுக்கு சேல்ஸ் வேலை. கிளம்பும் நேரம் தாண்டியும் கிளம்பவில்லை. மனைவியின் பக்கம் பார்க்கவும் இல்லை. 

"என் கம்ப்யூட்டர் கடைக்கு வர்ற கஸ்டமர் அத்தே. ரெண்டு மாசமா வர்றாரு. மாடிப்படி ஒண்ணு கேட்டாரு, செஞ்சு குடுத்தேன்."

"மாடிப்படி கேக்க வந்தவன் உன் குரல் எப்படி இருக்கும்னு ஏன் கேக்கறான்? ரெண்டு மணி நேரம் அவன் பக்கத்துல நின்னுகினு இருந்தியாமே."

"நின்னது ஸ்கிரீன்ல இருக்கற பொம்மை அத்தே. நான் இங்கதான் உக்காந்து வேலை பாத்துகினு இருந்தேன். நீங்க எதிர்ல பூண்டு உரிச்சீங்க."

"பொம்மைக்கு உன் மூஞ்சியத்தானே வெச்சிகீற?"

கவிப்பிரியா தாள்களை வாங்கக் கை நீட்டினாள். மாமியார் தரவில்லை. டில்லிபாபு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாகப் பேசினான்.

"கொஞ்ச நாள் உங்கம்மா ஊட்ல இரு. நான் யோசிச்சு சொல்றேன்."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே கவிப்பிரியா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிசைனராக இருந்தாள். கம்ப்யூட்டரில் வார்ப்பு அச்சுகளுக்குப் படம் வரைகிற வேலை. கல்யாணமான ஆறாவது மாதம், ஓவர்டைம் முடிந்து கம்பெனி வேன் அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டது. வேன் டிரைவர் யார், பக்கத்து சீட்டில் யார், ஏன் சிரித்தாய் என்று டில்லிபாபு ஒரு வாரம் கேட்டான். எட்டாவது நாள் அவள் வேலையை விட்டாள்.

கை சும்மா இருக்க முடியாமல்தான் ஓர் இணைய உலகத்துக்குள் போனாள். அங்கே ஆளுக்கொரு பொம்மை உருவம். நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், அடுத்தவர் வீட்டுக்குப் போய்ப் பேசலாம். அந்த வீடுகளுக்குக் கதவு, ஜன்னல், மாடிப்படி, ஊஞ்சல் எல்லாம் வரைந்து விற்கத் தொடங்கினாள். கனடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறவர்கள் செட்டிநாட்டுக் கதவு கேட்டு வந்தார்கள். அந்த உலகத்து நாணயத்தில் பணம் கொடுத்தார்கள். அதைச் சேர்த்து அங்கேயே ஒரு மனை வாங்கிக் கடை போட்டாள். பெயரும் தன் பெயர்தான்: கவி மரக்கடை.

நாணயத்தை ரூபாயாக மாற்ற ஒரு கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. பான் கார்டு கேட்டார்கள். அவளிடமும் பான் கார்டு இருந்தது. "ஊடு ஒண்ணு, பேரு மட்டும் எதுக்கு ரெண்டு?" என்றான் டில்லிபாபு. கணக்கு அவன் பெயரில் தொடங்கியது. கடைக்கான மெயிலும் அவனுடையதே ஆயிற்று. அன்றைக்கு அது அவளுக்கு ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

கொரட்டூரில் அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் கடையைத் திறக்கப் பார்த்தாள். கடவுச்சொல் தவறு என்று வந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தாள். பிறகு புதிதாக ஒரு கணக்கு எடுத்து, முகம் தெரியாத பொம்மையாகத் தன் கடை இருந்த தெருவுக்குள் போனாள். கடை அதே இடத்தில் இருந்தது. அவள் மூன்று வாரம் இழைத்த வாசல் நிலையும் இருந்தது. மேலே பலகை மட்டும் மாறியிருந்தது. யாரோ ஒருவனின் ஆங்கிலப் பெயர். அதன் கீழே, உரிமை மாறிய நாள்: நேற்று.

டில்லிபாபுவுக்குப் போன் செய்தாள்.

"ஆமா, வித்துட்டேன். அது இருந்தாத்தானே நீ கண்டவன்கூட நிப்ப?"

"அது என் கடைங்க. ரெண்டு வருஷ உழைப்பு."

"இன்னா கடை? செங்கல் கீதா, சிமெண்ட் கீதா? வெறும் கேம். அதுக்குப் போயி அழுவுற."

அவள் அழவில்லை. போனை வைத்துவிட்டு, தான் அழுவதாக அவன் ஏன் நினைத்தான் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஒரு வெள்ளைத் தாளில் புகார் எழுதினாள்.

மகளிர் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் சுதா புகாரை இரண்டு தரம் படித்தார்.

"கம்ப்யூட்டர்ல கட்டின கடையா?"

"ஆமா மேடம்."

"கையில தொட முடியாத பொருள். இது காணாமப் போச்சுன்னு நான் எப்படிம்மா எழுதறது?"

"போன வருஷம் இதுல வந்த லாபத்துக்கு முப்பது பர்சென்ட் வரி கட்டினோம் மேடம். இல்லாத பொருளுக்கு கவர்மெண்ட் வரி வாங்குமா?"

சுதா அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "உன் வீட்டுக்காரர வரச் சொல்றேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து கவிப்பிரியாவையும் வரச் சொல்லியிருந்தார். டில்லிபாபு தன் அம்மாவோடு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"மேடம், கடைய வித்தத மட்டும் எழுதியிருப்பா. ஏன் வித்தேன்னு எழுதியிருக்க மாட்டா" என்று சொல்லித் தாள்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினான். வேம்புலியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுதா படித்தார். விக்ரம் என்பவன், உங்கள் கணவர் உங்களைப் புரிந்துகொள்கிறாரா என்று கேட்டிருந்தான். வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள் சார் என்று கவிப்பிரியா பதில் போட்டிருந்தாள். ஒரு நாள் நேரில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தான். படிக்கட்டு சனிக்கிழமை ரெடியாகிவிடும் என்று அவள் எழுதியிருந்தாள்.

"இதுல இவ தப்பா ஒண்ணும் எழுதலையே."

"பதிலே போட்டிருக்கக் கூடாது மேடம். குடும்பத்துப் பொம்பள பிளாக் பண்ணிட்டுப் போயிருப்பா."

கவிப்பிரியா அந்தத் தாள்களை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுடைய பதில்கள் இடது பக்கம் சாம்பல் கட்டத்தில் இருந்தன. விக்ரம் எழுதியவை வலது பக்கம், பச்சைக் கட்டத்தில்.

"மேடம், நீங்க ஒருத்தருக்கு மெசேஜ் அனுப்பினா அது உங்க போன்ல எந்தப் பக்கம் வரும்?"

சுதா தன் போனை எடுத்துத் திறந்து பார்த்தார். "வலது பக்கம்."

"இந்தப் படத்துல வலது பக்கம் இருக்கறது விக்ரம் எழுதினது. என் போன்லேர்ந்து எடுத்திருந்தா அது இடது பக்கம் இருக்கும். இது விக்ரம் போன்ல எடுத்த படம் மேடம்."

சுதா டில்லிபாபுவைப் பார்த்தார்.

"இது உனக்கு யார் குடுத்தது?"

"அது... ஒரு ஃபிரெண்டு மேடம்."

"ஃபிரெண்டு பேரு, நம்பர் சொல்லு."

டில்லிபாபு ஃபைலின் பட்டனைத் திறந்து திறந்து மூடினான்.

"உன் போனைக் குடு."

அவன் கொடுக்கவில்லை. போன் இருந்த சட்டைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டான். 

"சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன் மேடம். யார் கேட்டாலும் பேசறாளான்னு. வெறும் கேம்தானே."

 இரண்டு மாதமாக மாடிப்படியின் அளவு கேட்டு, கைப்பிடியில் என்ன பூ வேண்டும் என்று கேட்டு, அவள் யாருக்குப் பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்தாளோ அவன், பக்கத்து அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு தட்டச்சு செய்திருக்கிறான். நன்றாக இருக்கிறது என்று அந்த விக்ரம் எழுதிய அன்றைக்கு, இந்த வீட்டில் யாரும் சொல்லாததை ஒருவர் சொன்னாரே என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். அதை நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

முதலில் தெளிந்தவள் வேம்புலியம்மாள்தான். வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். முகத்தில் நிஜமான நிம்மதி இருந்தது.

"அப்ப அது நம்ம டில்லிதானா. அட, புருசன்கூடத்தான் பேசிகீது. அப்பறம் இன்னா மேடம், ஒரு தப்பும் இல்ல. வா கவி, ஊட்டுக்குப் போலாம். நீ சுத்தமானவன்னு தெரிஞ்சிபோச்சு."

டில்லிபாபுவும் தைரியம் வந்தவனாகச் சொன்னான். "எனக்குத் தெரியும்மா இவ அப்படிப்பட்டவ இல்லன்னு. உறுதி பண்ணிக்கினேன், அவ்ளோதான்."

சுதாவும் பேனாவை மூடினார். "பாரும்மா, சந்தேகம் தீந்துது. சேர்ந்து போங்க. இனிமே இப்படியெல்லாம் பண்ணாதப்பா."

எல்லோரும் எழுந்தார்கள். கவிப்பிரியா எழவில்லை.

"என் கடை எங்க மேடம்?"

"அதான் சமாதானம் ஆயிடுச்சே."

"நான் சுத்தமான்னு கேக்க இங்க வரல மேடம். நான் எழுதிக் குடுத்தது கடையப் பத்தி. பொம்மை பக்கத்துல நின்னது நிஜம்னு சொல்லி என்னை ஊட்ட விட்டு அனுப்பினாங்க. அதே பொம்மை நின்ன கடைய வித்துட்டு, அது பொய்ன்னு சொல்றாங்க. ஒண்ணு ரெண்டும் நிஜம், இல்ல ரெண்டும் பொய். வித்த காசு இவர் கணக்குல நிஜமாத்தான் இருக்கு."

"காசு நம்ம ஊட்ல தானே கீது" என்றாள் வேம்புலியம்மாள்.

"அவர் பேர்ல இருக்கு அத்தே."

சுதா பேனாவை மறுபடி திறந்தார். பிறகு அந்த இருவரையும் வெளியே உட்காரச் சொன்னார். "சைபர் செல்லுக்கு அனுப்பறேன். கணக்கு அவர் பேர்ல இருக்கறதால இழுக்கும். கேஸ் நிக்குமான்னும் சொல்ல முடியாது. தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

புகார் பெற்றதற்கான ரசீதை எழுதத் தொடங்கினார். இழந்த பொருள் என்ற இடத்தில் 'கணினி விளையாட்டுக் கடை' என்று எழுதினார். கவிப்பிரியா, "சொத்துன்னு எழுதுங்க மேடம்" என்றாள். அவர் அதை அடித்துவிட்டுச் 'சொத்து' என்று எழுதினார். தாளைக் கையெழுத்துக்காக அவள் பக்கம் தள்ளினார்.

புகார்தாரர்: கவிப்பிரியா, க/பெ டில்லிபாபு. எதிர்தரப்பு: டில்லிபாபு.

கவிப்பிரியா இரண்டு வரிகளிலும் இருந்த அவன் பெயரின்மேல் விரலை வைத்தாள்.

"என் சொத்த எடுத்துகினவர் பேரச் சொன்னாத்தான் நான் யாருன்னு தெரியுமா மேடம்?"

"கல்யாணமானவங்களுக்கு அப்படித்தான்மா போடறது."

வெளியே டில்லிபாபு பைக் ஹாரனை இரண்டு தரம் அடித்தான். கவிப்பிரியா மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். முதல் வரியில் கணவன் பெயரின் மேல் ஒரே கோடாக இழுத்தாள். பக்கத்தில், த/பெ துலுக்கானம் என்று அப்பா பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள்.

சுதா அதைப் பார்த்தார். முத்திரையை எடுத்துக் குத்தினார்.