எடுத்து வைத்த தட்டு

"பொய் சொல்லியிருக்கே நீ! ஃபோன்ல அழுதுகிட்டே..."

"பொய் இல்லம்மா, நான் சொன்னது என்னன்னா..."

"'இங்க சாப்பிட ஒண்ணுமே இல்லம்மா.' இதே வார்த்தை! அப்போ இது என்ன? இது என்னடி?"

"மெதுவாப் பேசேன். பக்கத்து மேஜையில என் கெமிஸ்ட்ரி வாத்தியார்..."

"அவரும் கேக்கட்டும்! பெத்தவளை ஏமாத்தறதுக்கும் சேத்துப் பாடம் எடுக்கிறாரான்னு நானே கேக்கறேன்!"

கார்லீன் முள்கரண்டியை நீட்டிக் காட்டிய பக்கத்தில், உயரமான வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவன் மாட்டிறைச்சி ரோஸ்டைக் காகிதம் போல அரிந்து போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இடது புறம், கேட்டவர்களுக்குக் கேட்டபடி ஆம்லெட். வலது புறம், எலுமிச்சை வில்லைகளைப் போர்த்திக்கொண்டு ஒரு முழு சால்மன் மீன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து படுத்திருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம், கல்லூரியின் பெற்றோர் வார இறுதி. சாப்பாட்டுக் கூடம் நிறைய அப்பாக்களும் அம்மாக்களும், கல்லூரியின் நீலக் கம்பளிச் சட்டைகளைப் புதுசாக வாங்கி மாட்டிக்கொண்டு, தட்டுகளைக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது உங்களுக்காகப் போட்டதும்மா" என்றாள் டெஸ்ஸா. "நேத்தும் இன்னைக்கும் மட்டும்தான். பசங்க அதுக்குப் பேரே வச்சிருக்காங்க, 'அப்பா அம்மா மீன்'னு. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் நீந்தி இந்தப் பக்கம் வரும்."

"வாய் மட்டும் இளைக்கல உனக்கு. உடம்புதான் இளைச்சிருக்கு."

இளைத்துத்தான் போயிருந்தாள். நேற்று காரிலிருந்து இறங்கி மகளைக் கட்டிக்கொண்டபோது, கம்பளிக்குள் பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது கார்லீனுக்கு. அந்த நிமிஷத்தில் பற்றிய கோபம் இன்னும் அணையவில்லை. யார் மேல் என்றுதான் அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை.

மூன்று மணி நேரக் கார் தூரத்தில், ஓஹையோவின் சோளக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் முடி வெட்டிப் பிழைப்பவள் கார்லீன். டெஸ்ஸாவுக்கு இடம் கிடைத்தபோது கல்லூரி மூன்று சாப்பாட்டுப் பிளான்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மற்ற இரண்டை அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அன்லிமிடெட். கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்தினாள். அன்றிலிருந்து அவள் கடையில் தலையலசக் கழுத்தைச் சாய்த்த ஒவ்வொருவரும் அதைக் கேட்டாக வேண்டும்: "என் பொண்ணு எப்போ வேணா போலாம், எவ்வளவு வேணா சாப்பிடலாம். கார்டைத் தேய்ச்சா கதவு தொறந்துக்கும்."

இப்போது அந்த மகள் பிளானை விட வேண்டும் என்கிறாள். அடுத்த பருவத்துக்குத் தெருக்கோடியில் இருக்கும் கூட்டுச் சமையல் வீட்டில் சேர வேண்டுமாம். அங்கே மாணவர்களே முறை வைத்துச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மாற்றிக்கொள்ள நாளையோடு கெடு. பணம் கட்டுகிறவர் சரி என்று சொன்னால்தான் ஆகும். ஒரு வாரமாக அந்தக் கேள்வி கார்லீனின் ஃபோனில் வந்து நிற்கிறது. அவள் ஆம் என்றும் அழுத்தவில்லை, இல்லை என்றும் அழுத்தவில்லை.

"ஆப்பிள் ஜூஸாவது குடி" என்று டம்ளரை நகர்த்தினாள். டெஸ்ஸா கை நீட்டி வாங்கினாள்.

"இரு. கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடி."

விரல் முட்டிகளில் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. நகக்கண்ணெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. குளிர்காலம் முழுக்க ஷாம்பூத் தண்ணீரில் நனைந்து நனைந்து கார்லீனின் கைகளும் இப்படித்தான் ஆகும். அவளிடம் இதை மறைக்க முடியுமா?

"எங்க பாத்திரம் கழுவறே?"

டெஸ்ஸா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். லேப்புல கை வெந்துபோச்சுன்னு கதை விடாதே. இது சோப்புத் தண்ணி. இது பெரிய பெரிய அண்டா கழுவற கை."

"அந்தக் கூட்டுச் சமையல் வீட்டுலதான். வாரத்துல மூணு நாள்."

"எனக்குத் தெரியாம!"

"தெரிஞ்சா நீ இப்படித்தான் கத்துவேன்னு தெரியும்."

"கத்தறேனா? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல! என் முதுகு ஒடிய நின்னு சம்பாதிச்சு உனக்கு உக்காந்து சாப்பிட வழி பண்ணி வச்சா, நீ போய் ஊரான் வீட்டுல பாத்திரம் தேய்க்கறியா?"

"லேப் முடிய ஏழரை ஆகும்மா, வாரத்துல மூணு நாள். இந்தக் கதவை ஏழுக்குச் சாத்திடுவாங்க. அன்லிமிடெட்டாம்! பூட்டுன கதவுக்குப் பின்னாடி மலை மாதிரி குவிச்சு வச்சா எனக்கென்ன? செப்டம்பர் பூரா ராத்திரிக்குப் பாலும் கார்ன்ஃபிளேக்ஸும்தான் தின்னேன். அதுவும் தனியா, கட்டில்ல உக்காந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே! 'இங்க சாப்பிட ஒண்ணுமே இல்ல'ன்னு சொன்னேனே! அதைத்தானே இப்போ பொய்ங்கறே!"

பக்கத்து மேஜையில் கெமிஸ்ட்ரி வாத்தியார் கவனமாக உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெஸ்ஸா குரலைத் தாழ்த்தினாள். "அந்த வீட்டுல, நேரத்துக்கு வர முடியாதவங்களுக்கு ஒரு தட்டு எடுத்து வைப்பாங்கம்மா. மேல இன்னொரு தட்டு கவுத்து, டேப்புல பேரு எழுதி ஒட்டிடுவாங்க. எட்டு மணிக்குப் போனாலும் என் பேரு போட்ட தட்டு இருக்கும். சும்மா திங்கக் கூடாதுன்னு பாத்திரம் கழுவறேன். நானா கேட்டு வாங்குன வேலை."

"மிஞ்சினதைத் திங்கறதுக்கு வேலை வேறயா? எச்சிச் சோறுடி அது!"

"எச்சி இல்ல!" இந்த முறை டெஸ்ஸாதான் கத்தினாள். "அவங்க சாப்பிடறதுக்கு முன்னாடி எடுக்கறது! வராதவங்க தட்டு நிறைஞ்ச பிறகுதான் வந்தவங்களே கரண்டியைத் தொடுவாங்க. அதுதான் அந்த வீட்டுச் சட்டம். இங்க எவனாவது எனக்கு எடுத்து வச்சானா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் காலேஜ்ல சேந்தப்போ..."

"ஆரம்பிச்சிட்டியா, கெச்சப் சூப்பை!"

"ஆமாடி, கெச்சப் சூப்புதான்! இருக்கறதுலயே சின்னப் பிளானா எடுத்துட்டு, வியாழக்கிழமை வர்றதுக்குள்ள தீந்துபோயி, கேன்டீன்ல சுடுதண்ணி புடிச்சு அதுல கெச்சப்பைக் கரைச்சுக் குடிச்சவ நான். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனவ திரும்பிப் போகவே இல்ல. அந்த நிலைமை உனக்கு வரக் கூடாதுன்னா, நான் பைத்தியக்காரியா?"

"கிளம்பும்மா. மத்தவங்க அம்மா எல்லாம் கிளம்பறாங்க பாரு."

"போக மாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டையும் என் கண்ணால பாத்துட்டுத்தான் போவேன். நீ சொல்றது நிஜமா, பொய்யான்னு தெரிஞ்சாகணும்."

பிடிவாதத்தில் இருவரும் ஒரே மரத்துப் பட்டை. மேப்பிள் சருகு மூடிய மைதானத்திலிருந்து ஒவ்வொரு காராகப் போயிற்று. கார்லீன் தன் காருக்குள் ரேடியோவைப் போட்டுக்கொண்டு கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். டெஸ்ஸா எதிர்ப் படிக்கட்டில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு முறை எழுந்து போய் யாரிடமோ ஃபோனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். யாரிடம் என்று கார்லீன் கேட்கவில்லை. கேட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடும்.

பொழுது சாய்ந்ததும் இருவரும் ஒன்றாகவே எழுந்தார்கள்.

கூடத்து வாசலில் கார்டு மெஷினுக்குப் பக்கத்தில் ஓபல் என்று மார்பில் பெயர் குத்தியிருந்த பெண் உட்கார்ந்திருந்தாள். டெஸ்ஸாவின் கார்டுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. கார்லீனுக்காக மறுபடியும் தேய்த்தாள். சிவப்பு.

"இந்தக் கார்டுல இருந்த விருந்தாளிச் சாப்பாடு ரெண்டும் தீந்துபோச்சும்மா" என்றாள் ஓபல். "நேத்து ராத்திரி பார்பெக்யூ ஒண்ணு, இன்னைக்கு மத்தியானம் ஒண்ணு. தனியாக் கட்டுனா விடறேன்."

"கட்டறதா? வருஷம் பூராவுக்கும் கட்டியிருக்கேன்! இதுக்கு மேல ஒரு காசு கட்ட மாட்டேன்."

"அப்போ இங்கேயே நிக்கணும்."

"நிக்கறேன். எனக்குத் திங்க வேணாம், பாக்கத்தான் வேணும். நீ உள்ள போடி."

டெஸ்ஸா போனாள். கார்லீன் இடுப்பளவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பிக்காரன் நின்ற இடத்தில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மீன் கிடந்த மேஜையில் கெச்சப் புட்டிகள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில், காதில் எதையோ செருகிக்கொண்டு, குனிந்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். டெஸ்ஸா ஒரு தட்டைக் கம்பி வரைக்கும் கொண்டு வந்து சாய்த்துக் காட்டினாள். வறண்ட கோழி வடை ஒன்று, நிறம் செத்த பீன்ஸ், மதியத்து உருளைக்கிழங்கின் அடிக்கருகல்.

"பாத்துட்டியா?"

"எங்க அந்த ஆளு?" கார்லீன் ஓபலிடம் திரும்பினாள். "மத்தியானம் மாடு அரிஞ்சானே, அவன் எங்க?"

"அவங்க வெளியூர் கேட்டரிங்மா. பெற்றோருக்குன்னு வந்தவங்க. மத்தியானமே சாமானை ஏத்திட்டாங்க."

"ஏமாத்துக்காரப் பசங்க! மேனேஜரைக் கூப்பிடு!"

"நாளைக்குத்தான் வருவாரு. ரெண்டு நாளா உங்களையெல்லாம் சமாளிச்சதுல அவருக்குத் தலைவலி."

"எனக்கும்தான் வலிக்குது! அந்தத் தட்டை இங்க குடு டெஸ்ஸி. இதைத் தின்னுட்டுத்தான் என் பொண்ணு எலும்பும் தோலுமா ஆச்சான்னு ஒரு வாய் தின்னு பாக்கறேன்."

ஓபல் கையைக் குறுக்கே நீட்டினாள். "அது மட்டும் ஆகாதும்மா. உள்ளேயிருந்து ஒரு பழம் வெளிய வரலாம், இல்லாட்டி ஒரு கோன் ஐஸ்கிரீம். அவ்வளவுதான். சட்டத்தை நான் எழுதல."

"பெத்தவளுக்கு ஒரு வாய் குடுத்தா உங்க காலேஜ் இடிஞ்சு விழுந்துடுமா?"

"இடியாது. ஆனா என் வேலை போயிடும்."

கார்லீன் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். கோபம் மட்டும் இன்னும் ஏறியது. டெஸ்ஸா தட்டை அப்படியே, எச்சில் தட்டுகளைக் கழுவக் கொண்டுபோகும் ஓடுபட்டையில் வைத்துவிட்டு, ஒரு ஆப்பிளோடு வெளியே வந்தாள். அதை அம்மாவின் கையில் திணித்தாள். படியிறங்கும் வரை கார்லீன் பொறுத்தாள்.

"ஏன் திங்காம வந்தே?"

"நீ வெளிய நிக்கறப்போ நான் உள்ள உக்காந்து திங்கணுமா?"

"அதுக்குத்தானேடி கட்டுனேன்! நான் வெளிய நின்னாலும் நீ உள்ள இருக்கணும்னுதானே கட்டுனேன்!"

"அது உன் பசிம்மா!" டெஸ்ஸா திரும்பி நின்றாள். "எப்பவோ தீராமப் போன உன் பசிக்கு என் பேருல சாப்பாடு வாங்கியிருக்கே. எனக்குப் பசிக்கிறது எட்டு மணிக்கு. அப்போ உன் பிளான் பூட்டிக் கெடக்கு!"

"இத்தனை வருஷம் உனக்காக..."

"தெரியும்! தெரிஞ்சுதான் சொல்றேன்!"

தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஆப்பிள் கையில் கனத்தது. மதியம் முழுக்கக் கத்தினதில், அந்தக் கல்யாண மீனை ஒரு துண்டுகூட ஒழுங்காக விழுங்கவில்லை என்பது கார்லீனுக்கு இப்போதுதான் உறைத்தது. வயிறு சத்தம் போட்டது. டெஸ்ஸாவுக்கும் கேட்டிருக்கும். பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு கல்லூரி வாசலில், மறுபடியும் பசியோடு அவள். இந்த ஒன்று நடக்கக் கூடாது என்றுதானே அத்தனையும் செய்தாள்?

சட்டைப்பைக்குள் ஃபோன் இருந்தது, இன்னும் பதில் அழுத்தாத அந்தக் கேள்வியோடு. கை அதைத் தொட்டது. எடுக்கவில்லை.

டெஸ்ஸா பத்தடி நடந்து போனாள். தெருக்கோடியில், முன்வாசல் திறந்து கிடந்த ஒரு பழைய மரவீட்டிலிருந்து பாத்திரச் சத்தமும் சிரிப்பும் வெங்காயம் வதங்கும் வாசனையும் வந்துகொண்டிருந்தன. அவள் நின்று திரும்பினாள். முகத்தில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"மத்தியானமே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன், ரெண்டு தட்டு எடுத்து வைக்கச் சொல்லி. உன் பேரை எழுதி ஒட்டியிருப்பாங்க, எழுத்துப் பிழையோட. கத்தணும்னா அங்க வந்து கத்தும்மா, யாரும் கார்டு கேக்க மாட்டாங்க. வர்றியா, இல்லையா?"