முதுகில் கோடு இல்லாதவர்கள்

மாதாந்திர அறிக்கையைப் பார்த்ததும் வுர்யானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தோனேசியாவின் சோலோ நகரத்து மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் தலைமை நர்ஸ் அவள். கொரோனா வந்தபிறகு மனநலக் கோளாறென்று வருகிறவர்கள் மாதம் முப்பதிலிருந்து ஒன்பதாகக் குறைந்துவிட்டார்களாம். ஆகவே அவசரப் பிரிவில் இருந்த ஒரே மனநல ஆலோசகரைத் தொற்றுத் தடம் தேடும் குழுவுக்கு மாற்றப்போவதாக இயக்குநர் எழுதியிருந்தார். திங்கட்கிழமை கூட்டத்தில் கையெழுத்தாகிவிடும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு, வேலை போய், சாவு வீட்டுக்குக்கூடப் போக முடியாமல் கிடக்கிறது. இந்த நேரத்தில் ஜனங்களுக்கு மனசு மட்டும் தெளிந்துவிட்டதா என்ன?

"யாரும் வரலேன்னா நல்லதுதானே அக்கா?" என்றான் தெகார். அவளுக்குக் கீழே வேலை செய்யும் நர்ஸ் அவன்.

"வராமலா இருக்காங்க? நீயும் நானும்தான் வேற பேரை எழுதி அனுப்பி வச்சிட்டிருக்கோம்."

கோபத்தில் சொன்னாளே தவிர, கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பாக் சர்வோகோ வந்தார். பாக் என்றால் அங்கே ஐயா என்பது போல. ஹோட்டல் சமையல்காரர். ஹோட்டலை மூடி மூன்று மாதம் ஆகிறது.

"காத்து புகுந்திடுச்சு சிஸ்டர். நெஞ்சை அடைக்குது."

ஜாவாவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சளி, வயிற்றுப் பொருமல், தலைசுற்றல் எல்லாவற்றுக்கும் காற்றுதான் குற்றவாளி. வைத்தியமும் வீட்டிலேயே உண்டு. தைலத்தைத் தடவி, நாணயத்தின் விளிம்பால் முதுகைக் கோடு கோடாகச் சிவக்கத் தேய்ப்பார்கள். அதற்கும் கேட்காவிட்டால்தான் ஆஸ்பத்திரி.

ஈசிஜி எடுக்கச் சட்டையைக் கழற்றினார். நெஞ்சிலும் கழுத்திலும் சிவப்புக் கோடுகள். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. மூன்றாவது முறையாக வருகிறார், மூன்றாவது முறையாக அதே வயிற்று மாத்திரை. சட்டையைப் போட அவர் திரும்பியபோதுதான் வுர்யானி முதுகைப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. தேய்க்கவேண்டிய இடமே அதுதானே?

"யாரு பாக் தேச்சு விட்டது?"

"நானேதான்."

"வீட்டம்மா?"

"மக பிரசவத்துக்குக் கடல் தாண்டி லாம்புங் போனா. கப்பலை நிறுத்திட்டாங்க, அங்கேயே மாட்டிக்கிட்டா." சிரிக்கப் பார்த்தார். "முதுகுக்குக் கை எட்ட மாட்டேங்குது."

"சமைச்சுச் சாப்பிடறீங்களா?"

"முந்நூறு பேருக்குச் சமைச்ச கை சிஸ்டர். ஒருத்தனுக்குச் சமைக்கத் தெரியல."

அவருடைய முகக்கவசம் கண்ணீரில் நனைந்தது. இதற்கு முன் இரண்டு தடவையும் இந்த மனுஷரை மாத்திரை கொடுத்து அனுப்பியவள் அவளேதான். ஆலோசகரைப் பார்க்கிறீர்களா என்று மெல்லக் கேட்டாள். அவர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் பைத்தியம் இல்ல. காத்துதான்."

"சரி, காத்துதான். திங்கட்கிழமை வாங்க, எப்படி இருக்குன்னு பாக்கலாம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளும் தெகாரும் பதிவேடுகளைப் புரட்டினார்கள். போன வருஷத்தோடு ஒப்பிட்டால் அவசரப் பிரிவுக்கு வந்த கூட்டம் பாதியாகியிருந்தது. காற்று என்று வந்தவர்களோ ஒன்றரை மடங்கு. அதில் முப்பத்தெட்டுப் பேர் இரண்டு தடவைக்கு மேல் வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். கவலையாக இருக்கிறதா என்று கேட்டால் வைத்துவிடுவார்கள். அதனால், முதுகை யார் தேய்த்துவிட்டார்கள் என்று மட்டும் கேட்டாள். முப்பத்தொரு பேர் எடுத்தார்கள். அதில் இருபத்துநான்கு பேர் யாரும் இல்லை என்றார்கள். அதைச் சொல்லும்போதே சிலர் அழுதார்கள். ஒரு பெண் முக்கால் மணி நேரம் போனை வைக்கவே விடவில்லை.

எண்ணிக்கை ஏற ஏறத் தனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்ப்பதைக் கண்டு வுர்யானி கூசிப்போனாள். ஆனாலும் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இயக்குநர் டாக்டர் ஹர்தோயோ அவள் தாளை இரண்டு முறை படித்தார்.

"அமைச்சகத்துக்கு முதுகுக் கணக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். வுர்யானி உட்காரவில்லை.

"வந்த கூட்டம் பாதி, காத்து ஒன்றரை மடங்கு டாக்டர். ஒண்ணு, ஜாவாவுல இந்த வருஷம் காத்து பலமா அடிச்சிருக்கணும். இல்லேன்னா நாம கேக்க வேண்டியதைக் கேக்கல."

சிரிப்பு அடங்கியது. இயக்குநர் கெட்டவர் அல்ல. ஆள் பற்றாமல் தவித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"சரி, ஒத்துக்கறேன். ஆனா மனசு சரியில்லன்னு இவங்கள்ல ஒருத்தர் வாயைத் திறப்பாங்களா? திறக்கலேன்னா ஆலோசகரை இங்க வச்சு நான் என்ன பண்ண?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க டாக்டர்," என்றாள்.

"ஒரே ஒருத்தர் போதும். யாரும் வரலேன்னா நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

மூன்றரை வரை மனசு சரியில்லை என்று யாரும் வரவில்லை. ஆலோசகர் தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்திருந்தாள். பெட்டியை மூடாதே என்று அவளை அதட்டிவிட்டு வுர்யானி வாசலிலேயே நின்றாள்.

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பாக் சர்வோகோ வந்தார். தெகார் பதிவேட்டைத் திறந்து, வழக்கம்போலக் காற்று என்று எழுதப்போனான்.

"இன்னிக்குக் காத்து இல்ல தம்பி."

"அப்புறம் என்ன பண்ணுது?"

அவர் வுர்யானியைப் பார்த்தார்.

"வீட்டுல யாரும் இல்ல. அதுக்காக ஆஸ்பத்திரிக்கு வரலாமா சிஸ்டர்?"

"வரலாம் பாக்," என்று சொல்லி, தெகாரிடமிருந்து பேனாவை வாங்கி, அவர் சொன்னதை அப்படியே எழுதினாள்.