கேட்டால் சொல்லலாம்

1

இந்தக் கதை நான் பேனாவால் அடித்து நீக்கிய ஒரு வரியிலிருந்து பிறந்தது. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில், இயக்குநருக்கு உரை எழுதித் தருவது என் வேலை. செனட் குழு முன்னால் அவர் வாசிக்கும் உரை முதலில் அரசு மேலிடத்தின் ஒப்புதலுக்குப் போகும். இந்தத் தடவை ஒரு வரி வேண்டாம் என்றார்கள். பேனா என்னுடையது, வெட்கமும் என்னுடையதுதான்.

[அடித்த வரி: போதை ஊசி போடுகிறவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுத்தால் எச்.ஐ.வி. பரவுவது குறைகிறது என்று எங்கள் ஆய்வில் தெரிந்துவிட்டது.]

2

'எத்தியோப்பிய மலைக்கிராமம் ஒன்றில் செருப்பில்லாத சிறுவன்—'

இப்படித் தொடங்க வேண்டாம். இயக்குநர் டாக்டர் மெங்கேஷா அடிஸ் அபாபாவில் வக்கீல் வீட்டுப் பிள்ளை. அவரை ஏழையாக்கினால் வாசிக்கிற உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார்.

3

ஒரு வழக்கம் உண்டு. குழுவில் யாராவது "உங்கள் சொந்தக் கருத்து என்ன?" என்று கேட்டால், அடித்த வரியையும் சொல்லலாம். கேட்காவிட்டால் வாய் திறக்கக் கூடாது. அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கிறோம் என்று எதிர்க்கட்சியிலிருந்து போன் வந்தது.

"வேணாம்னு சொல்லிடு" என்றார் டாக்டர். "அவங்க கேட்டா அது அவங்க கட்சி ஊசி ஆயிடும். பாதி நாடு தொடாது."

நேராக ஆளுங்கட்சி செனட்டர் ஹாலிஸின் அறைக்குப் போனார். நானும் கூடவே போனேன்.

"உங்க மாநிலத்துல ஒரே மாவட்டத்துல முப்பத்தேழு பேருக்கு ஊசியால எச்.ஐ.வி. வந்திருக்கு சார். அந்தக் கேள்விய நீங்கதான் கேக்கணும்."

"என் கட்சிக்காரனே என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவான். நீங்க எந்தக் கட்சி டாக்டர்?"

"அந்த முப்பத்தேழு பேர்கிட்ட நான் அதைக் கேக்கல."

"வேலை போயிடும். தெரியுமில்ல?"

"எங்க ஊர்ல ராணுவ ஆட்சி நடந்தப்போ இப்படிப் பேசினா ஜெயிலு. இங்க வேலைதானே சார்."

ஹாலிஸ் சிரித்தார். கேட்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

4

முடிவு ஒன்று: ஹாலிஸ் கேட்டார், டாக்டர் சொன்னார், மறுநாள் அவருடைய மேசையைக் காலி செய்யச் சொல்லி—

முடிவு இரண்டு: கேள்வி கேட்கத் தனக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தையும் ஹாலிஸ் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்துக்கே—

இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவருக்கு வேலை போயிற்றா என்பதை வைத்து நீங்கள் அந்த வரியை எடைபோடுவீர்கள். அதற்கு நான் இடம் தரமாட்டேன். வேலை போனாலும் இருந்தாலும் அந்த வரி உண்மை. அதனால்தான் கதையின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தேன். இந்தக் கதையை நான் எந்த மேலிடத்துக்கும் அனுப்பவில்லை.

செனட் குழு அறையில் ஹாலிஸின் மைக்கில் விளக்கு எரிகிறது. நாலு நிமிடம் பாலத்தைப் பற்றிப் பேசியாயிற்று, ஒரு நிமிடம்தான் பாக்கி. டாக்டர் மெங்கேஷா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் அவர் சொல்ல முடியும். இவ்வளவு தூரம் வாசித்துவிட்டதால் நீங்களும் இந்த அறையில்தான் இருக்கிறீர்கள்.

கேளுங்கள்.