கவிழ்த்து வைத்த செங்கல்

"தண்ணி குடிக்க உள்ள வாங்களேன், ஹோய்ட்."

"கால் பூரா மணல், மிஸ் நெல்டா. இங்கயே குடிச்சுக்கறேன்."

"கல் எங்க கிடைச்சுது?"

"இருந்துச்சு."

"எங்க இருந்துச்சு?"

"தரையிலதான்."

என் அம்மா நெல்டாவுக்கும் ஹோய்ட்டுக்கும் இந்தப் பேச்சு நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பக்கம் மரியாதைக்கு எல்லாப் பெண்களுமே 'மிஸ்'தான். கொல்லைப் படியில் உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. மழை பெய்தால் எங்கள் கொல்லை முழுக்கச் சேறு. துணி உலர்த்தப் போகும் அம்மா ஒரு செருப்போடுதான் திரும்பி வருவாள். பக்கத்து உருளைக்கிழங்குப் பண்ணைக்காரரான ஹோய்ட் ஒரு சனிக்கிழமை டிரக் நிறையச் செங்கல்லோடு வந்து இறங்கினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் சமையலறைப் படியிலிருந்து துணிக்கொடி வரை ஒரு தளம் போட்டு முடித்துவிட்டார். அம்மா கொண்டுவந்த தண்ணீரைத் தளத்தில் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தளம் எங்காவது அமுங்கியிருக்கிறதா என்று பார்க்க வந்தார். அமுங்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் பார்க்க வந்தார். பதினைந்து வருஷமாகத் தளம் அமுங்கவில்லை. பதினைந்து வருஷமாக அவரும் பார்க்க வந்துகொண்டுதான் இருந்தார். இரண்டு அலுமினிய மடக்கு நாற்காலிகள், ஐஸ் போட்ட இனிப்பு டீ, இரண்டு எட்டில் சமையலறைக் கதவு. அம்மா ஒரு தடவை உள்ளே கூப்பிட்டாயிற்று. இரண்டாவது தடவை கூப்பிடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. கூப்பிடாத வீட்டுக்குள் போகிற வழக்கம் அவருக்கு இல்லை. இரண்டு பேரும் நல்ல பழக்கம் உள்ளவர்கள்.

எங்கள் ஊர் பார்னெல், ஃப்ளோரிடாவின் வடக்குப் பகுதியில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் மயாமிக்குக் காரில் போனவர்கள் எல்லாரும் எங்கள் வாசல் வழியாகத்தான் போனார்கள். ஒன்பதே அடி அகலத்தில் அவர்களுக்காகச் செங்கல் பாவிய நெடுஞ்சாலை அது. பிறகு கிழக்கே பெரிய சாலை வந்தது. அவர்கள் அதில் போய்விட்டார்கள். செங்கல் சாலை எங்களுக்கு மிச்சமானது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுவது அதில்தான்.

ஒன்பது அடியில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் சுமை ஏற்றிய வண்டிக்குச் செங்கல், காலி வண்டிக்கு மணல். இது எங்கும் எழுதியிருக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். டிரக் கொள்ளாமல் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வரும்போதும் ஹோய்ட் ஒரே ஒரு காருக்கு மட்டும் மணலில் இறங்குவார். சக்கரம் புதைந்து அரை நாள் நிற்பார். அம்மா தலையை அசைத்துவிட்டுப் போவாள். எங்கள் ஊரில் இதைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தச் சாலையின் ஒவ்வொரு செங்கல்லிலும் ஒரு பக்கம் நட்சத்திர முத்திரை இருக்கும். எங்கள் ஊரில் செங்கல் காசு கொடுத்து வாங்கியவர் எவரும் இல்லை. ஆனாலும் செங்கல் இல்லாத வீடு இல்லை. எல்லா வீட்டிலும் முத்திரைப் பக்கத்தைக் கவிழ்த்துத்தான் பதித்திருப்பார்கள். கவிழ்த்து வைத்த செங்கல்லைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்பது மரியாதை இல்லை.

போன குளிர்காலத்தில் மாவட்டத்திலிருந்து செய்தி வந்தது. சாலைமேல் தார் போடப் போகிறார்களாம். தேவாலயம் முதல் ஓடைப் பாலம் வரை இடைவெளியில்லாமல் பழைய செங்கல் இருந்தால் மட்டும் மாநிலத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பார்கள், பிறகு யாரும் தொட முடியாது. ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் தார்தான்.

தேவாலயக் கூடத்தில் கூட்டம் போட்டோம். "யாரு தலைமை எடுத்துக்கறீங்க?" என்று தூண்டில்புழுக் கடை வைத்திருக்கும் டூயி கேட்டபோது, மின்விசிறியை நிறுத்தச் சொல்ல அம்மா கையைத் தூக்கினாள். அப்படித்தான் அவள் சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவி ஆனாள். ஆனபிறகு அதைச் சும்மா விடவில்லை.

பாதிச் சாலை மணலுக்கும் பைன் ஊசிகளுக்கும் கீழே போயிருந்தது. சனிக்கிழமைதோறும் விளக்குமாறும் இரும்புக் கம்பியுமாகப் போவோம். கம்பியை மணலில் குத்த வேண்டும். டங்கென்றால் செங்கல், உடனே கூட்ட வேண்டும். சத்தம் வராவிட்டால் இன்னொரு இடத்தில் குத்த வேண்டும். முட்பனைப் புதரை வெட்டி வெட்டி, சாலை எங்கே வளைகிறது என்பதையே நாங்கள் அப்போதுதான் கண்டுபிடித்தோம். சிவப்பாக, ஈரமாக, அப்போதுதான் பாவியதுபோல வெளியே வந்தது. அம்மா குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். ஹோய்ட் எல்லாருக்கும் முன்னால் கம்பி குத்திக்கொண்டே போவார். ஆனால் ஒரு பெரிய ஓக் மரத்தை நெருங்கும்போது பின்தங்கிவிட்டார்.

அங்கே டூயியின் கம்பி சத்தமில்லாமல் இறங்கியது.

"வேர் தூக்கியிருக்குமோ?" என்றார் டூயி.

அம்மா ஓரத்தைக் கூட்டினாள். வேர் இவ்வளவு நேராகப் போகாது. சாலையின் முழு அகலத்துக்கு, நாலு மூலையும் கத்தியால் வெட்டியதுபோல, நீளமாக ஒரு செவ்வகம் காலியாக இருந்தது.

"கறையான் வேலை," என்றார் டூயி.

"கறையான் செங்கல் தின்னுமா?"

"ரெண்டு கால் கறையான் தின்னும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹோய்ட் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல என்ன?" என்று அம்மா கேட்டாள்.

"மரங்கொத்தி."

"எங்க?"

"போயிருச்சு."

அம்மா செவ்வகத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "ஒரு கல்லுகூட உடைக்காம எடுத்திருக்கான். நல்ல வேலைக்காரன்," என்றாள்.

அந்த ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் அம்மா எழுந்து அறிவித்தாள். "நட்சத்திரக் கல் வெச்சிருக்கறவங்க தேவாலயத்துக்குப் பின்னால சுவரோரமா வெச்சுட்டுப் போயிடுங்க. யாரு வெச்சாங்கன்னு யாரும் பாக்க மாட்டாங்க. ஜன்னலுக்கு எல்லாம் திரை போட்டாச்சு."

முதல் வாரம் எதுவும் வரவில்லை. பிறகு போதகர் தன் தபால் பெட்டித் தூணை இடித்துக் கொண்டுவந்து வைத்தார். அதற்கப்புறம் வெட்கம் விட்டுப்போயிற்று. இறைச்சி சுடும் அடுப்பு வந்தது. பறவைத் தொட்டியின் பீடம் வந்தது. செத்துப்போன நாயின் சமாதியைச் சுற்றியிருந்த வரிசை வந்தது. அதைக் கொண்டுவந்தவர் கொஞ்சம் அழுதார். சாலையின் சிறிய ஓட்டைகள் எல்லாம் அடைபட்டன. செவ்வகம் மட்டும் அடைபடவில்லை.

"இன்னும் ஒரு தளம் அளவுக்குக் கல் வேணும்," என்றார் டூயி, அடுத்த கூட்டத்தில்.

"தளம்னு ஏன் சொல்றீங்க?" என்றாள் அம்மா.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நெல்டா, உங்க வீட்டு டீ நல்லாயிருக்கும்னு சொல்லிக்கறாங்களே, எங்க உக்காந்து குடிப்பீங்க?"

"நாற்காலியில."

கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஹோய்ட் தொப்பியின் உட்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு சாயங்காலமும் அவர் வந்தார். தளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் படியில் இருந்தேன்.

"அமுங்கியிருக்கா?" என்றாள் அம்மா.

"இல்ல."

"இதைப் பேத்து எடுத்தா கல் உடையுமா?"

டீ கிளாஸ் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "மெதுவா எடுத்தா உடையாது."

"முன்ன எடுத்தப்பவும் உடையலைதானே."

ஹோய்ட் கிளாஸைக் கீழே வைத்தார். "எப்பலேருந்து தெரியும்?"

"நீங்க போட்டுட்டுப் போன அன்னிக்கே. ஒண்ணைப் புரட்டிப் பாத்தேன். நட்சத்திரம் இருந்துச்சு. திருப்பிக் கவுத்து வெச்சுட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா தூக்கிட்டுப் போயிருப்பீங்க."

அவர் நேர்மையாக யோசித்தார். "போயிருப்பேன்."

"அதான்."

துணிக்கொடியில் ஒரு போர்வை ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"ஊர்ல நாய் சமாதியைக்கூட விடாமக் கேட்டு வாங்கிட்டேன்," என்றாள் அம்மா. "அப்புறம் நான் மட்டும் இதுமேல உக்காந்துக்கிட்டு இருக்க முடியாது."

"முடியாது."

"எடுத்துட்டா..." என்று ஆரம்பித்த அம்மா மீதியைச் சொல்லவில்லை.

ஹோய்ட்தான் சொன்னார். "தளம் இல்லேன்னா, அமுங்குதான்னு வந்து பாக்கற வேலையும் இல்ல."

"அது சரி," என்றாள் அம்மா. அன்று அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தார். கொசு கடித்தும் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவர் கடப்பாரையோடு வந்தபோது, டூயியும் இன்னும் நாலு பேரும் யாரும் கூப்பிடாமல் தங்கள் டிரக்குகளோடு வந்து நின்றார்கள். கல் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. டூயி மட்டும் ஹோய்ட்டின் தோளைத் தட்டி, "நல்ல கறையான்," என்றார். ஓக் மரத்தடியில் ஹோய்ட் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பதித்தார், நட்சத்திரம் மேலே தெரிய. கடைசி வரிசைக்கு அம்மா கல் எடுத்துக் கொடுத்தாள். கடைசிக் கல்லைக் கொடுத்தபிறகு, இன்னும் கொடுக்க ஏதோ இருப்பதுபோலக் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

மாநிலத் தலைநகரிலிருந்து சாலையைப் பார்க்க வந்த பெண் அதிகாரி ஒரு சின்னக் காரில் வந்தாள். எதிரே கிழங்கு ஏற்றிய ஹோய்ட்டின் டிரக். வழக்கம் தெரியாமல் அவள் நின்றாள். வழக்கம் தெரிந்ததால் அவரும் நின்றார். கடைசியில் டூயி போய் விளக்க, அவள் மணலில் இறங்கி, புதைந்து, ஹோய்ட்டின் சங்கிலியால் இழுபட்டு வெளியே வந்தாள். அதற்குள் செங்கல்லை நிதானமாகப் பார்க்க அவளுக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிட்டது.

"இந்த ஒரு இடத்துல மட்டும் நட்சத்திரம் தேயவே இல்லையே," என்றாள், ஓக் மரத்தடியில்.

"இங்க போக்குவரத்து கம்மி," என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான்," என்றார் டூயி.

அவள் அதையும் குறித்துக்கொண்டாள். பத்து நாளில் பதில் வந்தது. சாலை பிழைத்துக்கொண்டது. போதகர் மணி அடித்தார். அம்மா எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள், தான் சாப்பிடவில்லை.

கல் போனபிறகு ஹோய்ட் ஒரு ஞாயிறும் வரவில்லை. பதில் வந்த ஞாயிறும் எங்கள் கொல்லையில் வெறும் மணல். கல் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அம்மா மதியமே டீ போட்டு, பெரிய ஜாடி நிறைய வைத்திருந்தாள்.

"இன்னிக்கு வர மாட்டாரும்மா," என்றேன்.

"யாரு?"

"இவ்வளவு டீ யாருக்கு?"

"உனக்கு. நீதான் ஒழுங்கா எதுவும் குடிக்கறதில்லையே."

நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். டிரக் சத்தம் கேட்டது. ஹோய்ட் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மண் எப்படியிருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பாருங்க," என்றாள் அம்மா.

பார்த்தார். பார்ப்பதற்கு அதிகம் இல்லை. கொட்டகையிலிருந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்ததும் நாற்காலியின் இடது கால்கள் மணலில் இறங்கின; அம்மாவுடையதில் வலது கால்கள். ஒருவரை விட்டு ஒருவர் சாய்ந்தபடி டீ குடித்தார்கள்.

"சாஞ்சிருக்கு," என்றாள் அம்மா.

"பரவால்ல."

"அமுங்குது."

"ஆமா. இது அமுங்குது."

பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் பார்க்க வந்தது நடந்தேவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா சாய்விலிருந்து எழுந்து, "ஐஸ் எடுத்துட்டு வரேன்," என்று உள்ளே போனாள். வலைக்கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது. ஐஸ் எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. கிண்ணத்தைப் பிடித்தபடி அவள் வலைக்குப் பின்னால் நிற்பது படியிலிருந்த எனக்குத் தெரிந்தது.

ஹோய்ட் கொஞ்ச நேரம் இன்னும் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். டிரக் பக்கம் போவாரென்று நினைத்தேன். அவர் கொல்லைக் குழாய்க்குப் போய், பூட்ஸைக் கழற்றினார். காலுறையைக் கழற்றி அதனுள் செருகினார். குழாயைத் திறந்து ஒரு காலைக் கழுவினார், விரலிடுக்கெல்லாம் தேய்த்து, பிறகு அடுத்ததை. அவ்வளவு வெள்ளையான பாதங்களை நான் பார்த்ததில்லை. மணல் ஒட்டாமலிருக்க, கவிழ்ந்து கிடந்த துணிக்கூடை, பலகை, பூச்சட்டி விளிம்பு என்று தாவித் தாவிப் படிக்கு வந்தார். நான் வேர்க்கடலைக் கிண்ணத்தோடு நகர்ந்து வழி விட்டேன்.

கதவுக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கிண்ணத்தில் ஐஸ் உருகி அம்மாவின் மணிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ் நெல்டா."

"சொல்லுங்க."

"கால்ல மணல் இல்ல."

"பாத்தேன்."

தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"உள்ள வரட்டுமா?"